அமைச்சரும் எங்கள் வயல் வரம்பும்



கடந்த பெரும்போகத்துக்குச் சற்று முன்னர் எமது காணி ஆலோசனைக் கூட்டத்துக்கு ஒரு முதியவர் வந்திருந்தார். 1990இல் வட்டையை விட்டு உயிரோடு ஓடி வந்தவர். பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த காணி அனுமதிப் பத்திரத்தை மேசையில் விரித்து, "பாதர், அஷ்ரப் சேர் இருந்திருந்தா என்ட காணி எப்பவோ கைக்கு வந்திருக்கும்" என்றார். பக்கத்தில் இருந்த தமிழ் விவசாயி, "உங்களுக்காவது சொல்றதுக்கு ஒரு பேர் இருக்கு, காக்கா" என்றார்.

இருவர் பேச்சிலும் ஒரே நம்பிக்கைதான் இருந்தது: ஓர் அமைச்சர் இருந்தால் எல்லாம் நடக்கும். இது சரிதானா?

மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் 1948இல் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர், சட்டத்தரணி, கவிதையும் எழுதியவர். 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு மேடையேறினார். 1981இல் காத்தான்குடியில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸை ஆரம்பித்தார். 1988 வடக்கு-கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் அக்கட்சி 17 ஆசனங்களைப் பெற்றது. சிறு கட்சிகளை வெளியே தள்ளிய 12.5 சதவீத வெட்டுப்புள்ளி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1989இல் திகாமடுல்லவிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1994இல் அவரது கட்சியின் 7 ஆசனங்கள் இன்றி சந்திரிகா அரசு அமைந்திருக்க முடியாது. அதன் பலனாகத் துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சு அவர் கைக்கு வந்தது.

அவர் செய்தவை கண்முன்னே நிற்கின்றன. போரினால் படிப்பைத் தொடர முடியாது தவித்த மாணவருக்காக 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. 1996இல் அதுவே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று ஒலுவிலில் எல்லா இனப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

ஆனால் புனர்வாழ்வு அமைச்சு ஆறு ஆண்டுகள் அவரிடம் இருந்தும், இடம்பெயர்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் ஊர் திரும்பவில்லை. இதை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. போர் நடந்துகொண்டிருந்தது. அதோடு, காணி ஓர் அமைச்சின் கையில் மட்டும் இல்லை. அனுமதிப் பத்திரத்தின் பதிவு பிரதேச செயலகத்தில். காடு மூடிய வயலுக்கு வன இலாகா உரிமை கோருகிறது. முகாம் இருந்தால் படையினரைக் கேட்க வேண்டும். அமைச்சரின் கடிதம் கதவைத் திறக்கலாம். உள்ளே நீட்டுவதற்கு எம்மிடம் கோப்பு இருக்க வேண்டுமே!

2000 செப்டெம்பர் 16இல், தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில், அரநாயக்க மலையில் ஹெலிகொப்டர் விழுந்து அவர் காலமானார். கட்சி பிளவுபட்டது. அவர் கனவு கண்ட ஒலுவில் துறைமுகத்தின் வேலை 2008இல் தொடங்கி, 2013இல் அது திறக்கப்பட்டது. விரைவிலேயே அதன் வாயை மணல் அடைத்தது. வடக்கே கரையையும் தென்னந்தோப்புகளையும் கடல் அரித்தது. காணி கொடுத்த குடும்பங்கள் இழப்பீட்டுக்கு நெடுநாள் அலைந்தன. சுனாமிக்குப் பின் சவூதி உதவியுடன் நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகளோ, பகிர்வு பற்றிய வழக்கினால் பல்லாண்டுகள் ஆளின்றிப் பாழடைந்தன. அயலாரின் இணக்கமின்றி வீடு கட்டலாம், குடியேற முடியாது என்பதை இது காட்டவில்லையா?

அப்படியானால் அஷ்ரபிடமிருந்து நாம் கற்பது என்ன? அவர் ஒரு தலைவருக்காகக் காத்திருக்கவில்லை. சிதறிக் கிடந்த வாக்குகளை ஒன்றுசேர்த்தார். அந்தச் சேர்க்கைதான் அவரை அமைச்சராக்கியது. அவரைப் போல் இன்னொருவர் வருவாரா என்று பார்த்திருப்பதைவிட, அவர் செய்த வழியில் நாம் சேர்வதே மேல்.

ஒரு சமூகத்தின் வாக்கு ஆசனத்தைத் தரும். வயலுக்கு அது போதாது. கல்லோயா வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை ஆரம்பக் கூட்டத்தில் எல்லோரும் இருந்துதானே முடிவு செய்கிறோம்? மேல் வட்டைக்காரர் மறித்தால் கீழ் வட்டை காயும். காணிப் பிரச்சினையும் இதே போன்றதுதான். தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு அரசியல்வாதியோடு கந்தோருக்குப் போனால், இருவருக்கும் "பார்ப்போம்" என்ற பதிலே கிடைக்கும்.

எனவே மூன்று காரியங்களைச் செய்வோம். அனுமதிப் பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு, பழைய கமநல சேவை நிலையப் பதிவு, எது இருந்தாலும் பிரதி எடுத்து வைப்போம். பத்திரம் தொலைந்தவர்கள், அயல் காணிக்காரரின் எழுத்து மூலச் சாட்சியைப் பெறுவோம்; அந்த அயலவர் வேறு சமூகத்தவராயின் இன்னும் நல்லது. வட்டை வட்டையாக, இரு சமூகத்தாரின் பெயரும் அடங்கிய ஒரே பட்டியலைத் தயாரித்து, கமக்காரர் அமைப்பின் ஊடாகச் சமர்ப்பிப்போம்.

அன்று கூட்டம் முடிந்ததும் அந்த இருவரும் தம் பத்திரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வட்டை ஒன்று, இருவர் காணிக்கும் நடுவே ஒரே ஒரு வரம்பு. "அப்ப நீங்கதானா எனக்குச் சாட்சி?" என்று கேட்டார் முதியவர்.

பட்டியலில் முதல் இரண்டு பெயர்கள் அவர்களுடையவை. உங்கள் பெயர் எப்போது சேரும்?