க்ளூ கன்னும் பட்டாசு மருந்தும்: ஒரே மேசையில் வைக்கலாமா?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பசங்களின் போனில் சில வீடியோக்கள் ஓட ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் யாரோ ஒருவர், வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் காகிதக் குழாய்களை அடுக்கி வைத்துக்கொண்டு, கையில் க்ளூ கன்னுடன் சொந்தமாக வாணவெடி செய்துகொண்டிருப்பார். பார்க்க ஸ்கூல் ப்ராஜெக்ட் மாதிரிதான் இருக்கும். “நம்ம வீட்லயும் க்ளூ கன் இருக்கே” என்று தோன்றுவது அந்த இடத்தில்தான்.

அங்கே இது பல ஆண்டுகளாக இருக்கும் பொழுதுபோக்கு. அதற்கென்று சங்கங்கள் உண்டு. 1969-ல் தொடங்கிய பைரோடெக்னிக்ஸ் கில்ட் இன்டர்நேஷனல் அவற்றில் ஒன்று. மருந்தை எங்கே வைக்கலாம், எப்படிக் கொண்டுபோகலாம் என்பதற்கு அந்நாட்டு அரசின் ஏ.டி.எஃப். அமைப்பு விதிகள் வைத்திருக்கிறது. மாகாணத்துக்கு மாகாணம் சட்டமும் மாறும். வீடியோவில் இதெல்லாம் தெரியாது. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியும் அதிலிருந்து வழியும் பசையும்தான் தெரியும்.

அவர்கள் ஏன் க்ளூ கன்னைப் பிடித்துக்கொண்டார்கள்? நேரம்தான் காரணம். சிவகாசிப் பக்கம் குழாய் உருட்ட மைதாப் பசை போதும். ஆனால் அது ஈரப்பசை, வெயிலில் காய வேண்டும். மருந்துக்கோ ஈரம் ஆகாது. சூட்டுப் பசையில் தண்ணீரே இல்லை. ஒரு நிமிடத்தில் இறுகிவிடும், இடுக்கையும் அடைத்துவிடும்.

சிக்கல் அந்தச் சூட்டில் இருக்கிறது. க்ளூ ஸ்டிக் என்பது பெரும்பாலும் இ.வி.ஏ. எனப்படும் பிளாஸ்டிக். அதை உருக்க, குறைந்த சூட்டு கன்கள் 120 டிகிரி செல்சியஸ் அளவுக்கும், அதிகச் சூட்டு கன்கள் 190 டிகிரி அளவுக்கும் போகின்றன. கந்தகம் சுமார் 115 டிகிரியிலேயே உருகிவிடும்.

“உருகினா என்ன, கருமருந்து பத்திக்க இன்னும் நிறைய சூடு வேணுமே” என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். கணக்கு காகிதத்தில் சரி. ஆனால் மூக்கில் இருக்கும் சூடு வேறு, உள்ளே ஹீட்டரில் இருக்கும் சூடு வேறு. மலிவான கன்னில் சூட்டைக் கட்டுப்படுத்த நம்பகமான ஏற்பாடு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒயர் பிய்ந்திருந்தால், பிளக் லூசாக இருந்தால் பொறி பறக்கும். அதோடு எல்லா மருந்தும் கருமருந்து இல்லை. சில கலவைகளுக்குச் சூடே தேவையில்லை, லேசான உரசல் போதும். எனவே “லோ டெம்ப் வாங்கினா சேஃப்” என்பது கைக்குப் பொருந்தும், மருந்துக்குப் பொருந்தாது.

நம் ஊரில் இதற்கு முன்னால் நிற்பது சட்டம். 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ம் ஆண்டு விதிகளும் உரிமம் இல்லாமல் பட்டாசு தயாரிப்பதைத் தடுக்கின்றன. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: அந்தச் சட்டத்தில் ‘தயாரிப்பு’ என்ற சொல், வெடிபொருளைப் பிரிப்பதையும் மாற்றிச் செய்வதையும் சேர்த்தே குறிக்கிறது. கடையில் வாங்கிய நாலு வெடியைப் பிரித்து, மருந்தைக் கொட்டி, ஒரு பெரிய குழாயில் அடைத்து ஒட்டுவது ‘சும்மா விளையாட்டு’ இல்லை. சொல்லப்போனால், நம் தெருக்களில் நிஜமாக நடப்பது அதுதான். அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் இங்கே ரசாயனம் வாங்கப் போவதில்லை. பிஜிலி வெடியைத்தான் பிரிக்கிறார்கள். 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது பட்டாசு ஆலை. மாடியில் உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஆலைத் தொழிலாளியின் அனுபவம்கூடக் கிடையாது.

ஆகவே எங்கள் கருத்து: க்ளூ கன் வாங்குங்கள், மருந்து இருக்கும் மேசைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

வாங்கும்போது நிறையப் பேர் வாட்ஸ் மட்டும் பார்க்கிறார்கள். 20 வாட்ஸ், 60 வாட்ஸ் என்பது எவ்வளவு வேகமாக, எவ்வளவு பசை உருகும் என்பதைச் சொல்லும். மூக்கு எவ்வளவு சுடும் என்பதைச் சொல்லாது. சூட்டளவு அச்சிட்ட பெட்டியாகப் பார்த்து எடுங்கள். ஸ்டிக் 7 மி.மீ., 11 மி.மீ. என்று இரண்டு அளவில் வரும், கன்னுக்கு ஏற்றதைத்தான் போட வேண்டும். காகிதம், தெர்மோகோல் வேலைக்குக் குறைந்த சூடு போதும். அதிகச் சூடு தெர்மோகோலையே கரைத்துவிடும். ஸ்டாண்ட் இல்லாத கன்னை வாங்காதீர்கள். ஆன் செய்துவிட்டு மறந்துபோகும் பழக்கம் இருந்தால் சுவிட்ச் உள்ளதாக வாங்குங்கள். பாதி உருகிய ஸ்டிக்கைப் பின்பக்கமாக இழுக்காதீர்கள், உள்ளே அடைத்துக்கொள்ளும்.

பசை கையில் பட்டால் பதறிப் பிய்க்கக் கூடாது, தோலும் சேர்ந்து வரும். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டுங்கள். அப்போதும் ஒட்டியிருந்தால் டாக்டர் எடுக்கட்டும். பல்பொடி, மாவு எதுவும் வேண்டாம்.

பையன் கேட்டால் கொடுக்க வேறு வேலை இருக்கிறது. சிவப்பு சார்ட் பேப்பரில் குழாய் உருட்டி, நூல் திரி வைத்து, க்ளூ கன்னால் ஒட்டி ஒரு சரவெடித் தோரணம் செய்யலாம். இடையில் எல்.இ.டி. லைட் சரம் ஓட்டினால் வாசலுக்கு அமர்க்களமாக இருக்கும். வெயில் படும் சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம், சூட்டுப் பசை இளகித் தோரணம் கீழே வந்துவிடும்.