கிண்ணத்துத் தண்ணீரும் வெறிநாய்க்கடியும்

சிரியா, எகிப்து முதலிய தேசங்களில் மந்திர மருந்துக் கிண்ணம் என்பதாக ஒரு சாமான் உண்டு. பித்தளையிலோ வெண்கலத்திலோ செய்து, உள்ளும் புறமும் அராபி எழுத்தில் குர்ஆன் வாக்கியங்களையும், எண் கட்டங்களையும், தேள், பாம்பு, நாய் உருவங்களையும் செதுக்கியிருப்பார்கள். வேலைப்பாடு வெகு நேர்த்தி. அந்தத் தொழிலாளியின் கைத்திறத்தை யாரும் தாராளமாய்ப் புகழலாம். கிண்ணத்தின்மேல் எழுதியிருக்கும் சங்கதியைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

அச்சங்கதி என்னவென்றால், தேள்கடி, பாம்புக்கடி, வெறிநாய்க்கடி, ஜுரம், வயிற்றுவலி, பிரசவ வேதனை, கண்ணேறு ஆகிய இத்தனைக்கும் இக்கிண்ணத்துத் தண்ணீரைக் குடித்தால் போதும் என்பதாகும். நோயாளி குடிக்காவிட்டாலும் அவன் பேரால் வேறொருவன் குடித்தாலே போதுமாம்! தோழர்களே, பசித்தவனுக்குப் பதிலாய்ப் பக்கத்து வீட்டுக்காரன் சாப்பிட்டால் பசி தீருமா? பசிக்கு ஒவ்வாத நியாயம் விஷத்துக்கு மாத்திரம் எப்படி ஒவ்வும்?

"சோதித்துக் கண்டது" என்றும் சில கிண்ணங்களில் பொறித்திருக்கிறது. இந்தச் சோதனையின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். தேள் கொட்டினவர்களில் பெரும்பாலோர் தாமே பிழைக்கிறார்கள். கடிக்கிற நாயெல்லாம் வெறிநாயல்ல. பல ஜுரங்கள் தாமே இறங்கும். ஆகவே பிழைத்தவனெல்லாம் கிண்ணத்துக்குச் சாட்சியாகிறான். செத்தவன் வந்து சாட்சி சொல்லுவதில்லை. அவனை 'விதி' என்று கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். வரவை மாத்திரம் எழுதிச் செலவை எழுதாத கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியாவது வைத்துக்கொள்வானா?

இன்னொரு வேடிக்கை. இன்று கிடைத்திருக்கும் கிண்ணங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று, சிரியாவை ஆண்ட நூருத்தீன் பேரால் 12-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது. அதே நூருத்தீன்தான் 1154-ல் டமாஸ்கஸ் நகரில் பெரிய வைத்தியசாலை கட்டினவர். கிண்ணம் போதுமென்றால் வைத்தியசாலை எதற்கு? கடைசியில் 1174-ல் அவரே தொண்டை நோயால் இறந்தார்.

இது அராபியர் சங்கதிதானே என்று நம்மவர் சிரிக்க வேண்டாம். விபூதி, தீர்த்தம், தாயத்து, ஓதிய தண்ணீர், ஜெப எண்ணெய் எல்லாம் இதன் கூடப்பிறந்தவைகளே. மதங்கள் வேறு, ஏமாற்றம் ஒன்றே.

இதில் உயிர் போகிற விஷயமும் இருக்கிறது. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. 1885-ல் பாஸ்டர் அதற்குத் தடுப்பு ஊசி போட்டுக் காட்டியும், இன்னும் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் சாகிறார்களென உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. மந்திரத் தண்ணீரை நம்பிக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் ஊசி போட வேண்டிய நாளாகும். ஆகையால், நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கிண்ணம் காட்சிசாலையில் இருக்கட்டும்.