பங்களா நாயும் லயத்து நாயும்

நாய் வளர்க்க விழைவோர்க்குக் கூறப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன: உமது இல்லத்துக்கும் வாழ்க்கை முறைக்கும் இசைந்த நாயைத் தேர்ந்தெடுப்பீராக. இவ்வறிவுரையிற் பிழையில்லை. அதனைக் கூறுவோர் மனத்திற் கொண்டிருக்கும் இல்லத்திலேயே பிழை உள்ளது. மதில், முற்றம், மாலையில் நாயோடு உலாவ ஓய்வுள்ள ஒருவர் ஆகிய யாவும் வாய்ந்த இல்லம் அது. சப்ரகமுவத் தோட்டங்களில் அத்தகைய இல்லத்தைத் தேடுவோர் துரையின் பங்களா வாசலிலேதான் போய் நிற்க வேண்டும்.

லயத்துக் காம்பராவோ பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு குடும்பத்தின் இஸ்தோப்பு முடியுமிடத்தில் அடுத்த குடும்பத்தின் இஸ்தோப்பு தொடங்குகின்றது. யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் றப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டுவோர் அதிகாலையிலேயே மலைக்குப் போய்விடுகின்றனர். பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளிற் கொழுந்து பறிப்போர் காலைப் பெரட்டுக்குச் சென்றால் மாலையிலேயே திரும்புவர். பகலில் லயத்தில் எஞ்சுவோர் முதியவரும் குழந்தைகளுமே. இசைந்த நாய் எது என்னும் வினாவை இங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

ஆயின் நடப்பது யாது? கொழும்புக் கடைகளில் உழைக்கும் எம் இளைஞருட் சிலர் தீபாவளிக்கு ஊர் திரும்புகையில் அல்சேஷன் குட்டியோடு வருகின்றனர். ஜேர்மனியில் ஆட்டு மந்தை மேய்ப்பதற்கென உருவாக்கப்பட்ட இனம் அது. நாள் முழுதும் ஓடி வேலை செய்வதற்கான உடலும் குளிர் தாங்கும் ஈரடுக்கு மயிரும் உடையது. மழையும் புழுக்கமும் மிகுந்த இரத்தினபுரியில், குட்டைச் சங்கிலியிற் கிடந்தால் அதன் தோல் புண்ணாகும், குணமும் கெடும். எமது லயத்தில் அவ்வாறு கட்டப்பட்டிருந்த நாயொன்று, தண்ணீர் எடுக்கச் சென்ற சிறுமியைக் கடித்தது. அவளை ஊசிக்காக மீண்டும் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்ற தாய் அத்தனை நாட்கூலியையும் இழந்தாள். எல்லோரும் நாயை ஏசினோம். அதைத் தேர்ந்தவரை எவரும் கேள்வி கேட்கவில்லை.

"துரை வளர்த்ததை நாம் வளர்க்கலாகாதா?" எனச் சினப்போர் உளர். வளர்க்கலாம், உரிமையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் துரைக்கு நிகராவதென்பது காணியும் வீடும் பெறுவது. அவரது நாயைப் போன்றதொன்றை இஸ்தோப்பிற் கட்டிவைப்பதன்று. இன்னொரு சாரார் தமிழ்ப்பற்று மேலிட்டு இராஜபாளையம் நாயை விதந்துரைப்பர். அதுவும் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இனமே. தமிழ்ப் பெயர் கொண்டமையால் அது காம்பராவுக்குள் அடங்கிவிடாது.

இவற்றினும் கொடிய தேர்வொன்று உண்டு. ஓர் ஈற்றுக் குட்டிகளிற் கடுவனைக் கேட்டு வாங்க ஆள் உண்டு. பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலிட்டுத் தேயிலை ஓரத்தில் விட்டுச் செல்கின்றனர். பிழைத்தவை ஆண்டுக்கு இருமுறையும் ஈனக்கூடும். தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை 2006இல் அரசு கைவிட்டது, அது நன்றே. எனினும் கொல்லாமையோடு கடமை முடிவதில்லை. நீர்வெறுப்பு நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் தடுப்பூசி ஏற்றுதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்துகின்றது. கருத்தடையும் தடுப்பூசியும் இல்லாத கருணை அரைக் கருணையே.

ஆதலின் எமது முடிபு இது: லயத்துக்கு இசைந்தது லயத்து நாயே, அதிலும் நாம் வீசியெறியும் அந்தப் பெட்டைக் குட்டியே. குறுமயிர் கொண்டது, எமது சோற்றை உண்டு, லயத்துக் குழந்தைகளோடு வளர்ந்து, ஆளறிந்து குரைப்பது. கருத்தடை செய்துவிட்டால் ஈற்றுத் தொல்லையும் இல்லை. எந்த நாயைத் தேர்ந்தாலும் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். நண்பகலில் அதற்குச் சோறு வைப்பவர் யார்? அயல் காம்பராக் குழந்தை அருகே வந்தால் அது என்ன செய்யும்? ஆண்டுதோறும் அதனை ஊசிக்குக் கொண்டு செல்பவர் யார்?

மூன்றாவது வினாவுக்கு வளர்ப்பவர் மட்டும் விடை கூற இயலாது. ஊசி இலவசமாயினும், வேலைநாளில் அதற்குச் செல்பவர் ஒருநாட் கூலியை விலையாகக் கொடுக்கின்றார். எனவே தடுப்பூசிக் குழுவும் மிருக வைத்தியரும் ஞாயிற்றுக்கிழமையிற் பெரட்டுக் களத்துக்கே வருதல் வேண்டும். இதனைக் கேட்டுப் பெறுவது தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள எமது கடமை. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்கையில் குட்டிக்குப் பதிலாக அக்கோரிக்கையைக் கொண்டு செல்வோம்.