"குழப்படி, கூட்டிக்கொண்டு போங்கோ"

கொஞ்சம் நீளமான பதிவு. தர்மபுரத்திலும் சுற்றுவட்டத்திலும் இருக்கிற பெற்றோரும் என்னுடைய சக ஆசிரியர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

ஓட்டிசம் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிற தாயைப் பார்த்து, "பள்ளிக்கூடம் அனுப்பாமல் பூட்டி வச்சிருக்கிறா" என்று ஊர் கதைக்கிறது. ஏன் வைத்திருக்கிறார் என்று யாராவது கேட்டீர்களா? பள்ளிக்கூடம் பிள்ளையைச் சேர்க்கும். இரண்டாம் கிழமையே தாய்க்குக் கோல் போகும்: "சரியான குழப்படி, கூட்டிக்கொண்டு போங்கோ." நாட்டில் 2016 முதல் 5 வயது தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம். அனுப்பாத பெற்றோரிடம் விளக்கம் கேட்கிறோம். திருப்பி அனுப்புகிற பள்ளிக்கூடத்திடம் யார் கேட்பது?

குழப்படி என்ற சொல்லே பிழை. மணியடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் சத்தம் தாங்கவில்லை என்கிறான். தகரக் கூரையில் மழை கொட்டும்போது எங்களுக்கே தலை இடிக்கிறதே! எழுதச் சொன்னதும் கொப்பியைக் கிழிக்கிறவனுக்கு அந்த வேலை முடியவில்லை. அதைச் சொல்ல வாய்ச்சொல் இல்லை. வழமையில்லாமல் திடீரென்று தலையைச் சுவரில் இடிக்கத் தொடங்கினால் முதலில் காதையும் பல்லையும் டொக்டரிடம் காட்டுங்கள். வலியாகவும் இருக்கலாம்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. 1985இல் அமெரிக்காவில் கார், டுராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளின் முரட்டு நடத்தை எப்போது வருகிறது என்று கவனித்தார்கள். பாடம் கடினமாகும்போது, அல்லது பெரியவர்களின் கவனம் குறையும்போது. உதவி கேட்கவும் கவனத்தைக் கேட்டு வாங்கவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு வசனம் பழக்கினார்கள். முரட்டுத்தனம் வெகுவாகக் குறைந்தது.

"பிரம்பைக் காட்டினால் அடங்குறான்" என்று சொல்லும் ஆசிரியர்களே, பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வியமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். பயத்தில் அடங்கிய பிள்ளைக்குக் காது இரைச்சல் நின்றுவிட்டதா?

ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும், நூல் கட்டுபவர்கள் கட்டட்டும். நான் தடுக்கவில்லை. ஆனால் "ஷைத்தான் பிடிச்சிருக்கு" என்று சொல்லிப் பிள்ளையை அடிக்காதீர்கள். கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.

வீட்டில் படிப்பிக்கும் தாய்மாருக்கு: பள்ளிக்கூடப் பாடவேளையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முட்டை எண்ணுவது கணிதம்தான். உங்கள் கையைப் பிடித்து பிஸ்கட் டின்னில் வைக்கிறானா? அது கேள்வி. "பிஸ்கட்" என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள். பிறகு படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்குங்கள். கத்தினால், அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி எந்த ஆசிரியருடைய அறிக்கையையும் விடப் பெறுமதியானது.

ஆனால் இதைக் காட்டி எந்தப் பள்ளிக்கூடமும் கை கழுவ முடியாது. பிள்ளையின் பெயர் இடாப்பில் இருக்க வேண்டும். இலவசப் பாடநூல் வீட்டுக்குப் போக வேண்டும். கிழமைக்கு ஒருநாள் ஓர் ஆசிரியர் போய் அந்தக் கொப்பியை வாசிக்க வேண்டும். மணிச்சத்தம் இல்லாத ஓர் அரை மணி நேரமாவது அவனுக்கு வகுப்பறை திறந்திருக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து கடிதம் வரட்டும் என்று எந்த அதிபரும் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.