துப்பாக்கி தானாக வெடிக்காது!

"துப்பாக்கியைத் துடைத்துக் கொண்டு இருந்தார். குண்டு தவறிப் பாய்ந்தது. பரிதாபமாக இறந்தார்."

இந்த மூன்று வரிச் செய்தியை எத்தனை தடவை படித்து இருப்பீர்கள்? மின்சார ரெயிலில் நின்று கொண்டே படித்து இருப்பீர்கள். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி இருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நாங்களும் அதை எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள்தான்.

இன்று அந்த மூன்று வரியைப் பற்றித்தான் பேச்சு.

துடைக்கிற துப்பாக்கியில் தோட்டா இருக்கலாமா? கூடாது. துடைப்பதற்கு முன்னால் தோட்டாக் கூட்டைக் கழற்ற வேண்டும். போல்ட்டை இழுத்து, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். குழாயை ஆள் இல்லாத பக்கம் திருப்ப வேண்டும். விரல் விசையில் இருக்கக் கூடாது. படையில் சேர்ந்த புதுப் பையனுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடமே இதுதான்.

அப்படி இருக்க, துடைத்த துப்பாக்கி வெடித்தது என்றால் என்ன அர்த்தம்? யாரோ ஒரு படியைத் தாண்டி இருக்கிறார்கள். யார்? எந்தப் படி? அதைச் சொல்லாமல் "தவறி வெடித்தது" என்றால், அது செய்தி இல்லை. கோப்பை மூடுகிற மூடி!

நார்த்தாமலைச் சிறுவன்

மறந்து இருக்க மாட்டீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே போலீஸ் துப்பாக்கி சுடும் திடல் இருக்கிறது. 2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி காலையில் அங்கே மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தார்கள். ஒரு கிலோ மீட்டருக்கும் அப்பால், தாத்தா வீட்டில் இருந்தான் 11 வயதுச் சிறுவன். குண்டு வந்து அவன் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவமனையில் உயிருக்குப் போராடி, 2022 ஜனவரி 3-ந் தேதி கண்ணை மூடினான்.

அவன் போர்க்களத்தில் இல்லை. திடலுக்குள் நுழையவும் இல்லை. வீட்டில் இருந்தான்.

ஊர் கொதித்தது. திடலை மூடினார்கள். அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. சரி. ஆனால், குண்டு எப்படித் திடலைத் தாண்டியது? மண் மேடு உயரம் போதவில்லையா? குறி தப்பியதா? பாறையில் பட்டுத் தெறித்ததா? அன்றைக்குப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு விடை என்ன என்று தெருவில் போகிற 10 பேரைக் கேட்டுப் பாருங்கள். தொகை ஞாபகம் இருக்கும். காரணம் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு மைல் போகும் குண்டு

பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் .22 ரைபிள் பிடித்து இருப்பார்கள். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அந்தச் சின்னக் குண்டே ஒரு மைல் தூரம் போகக் கூடியது. பட்டாளத்தின் பழைய எஸ்.எல்.ஆர். ரைபிள் குண்டோ 3 கிலோ மீட்டரையும் தாண்டும். 400 மீட்டர் தூரத்தில் உள்ள பலகையைக் குறி வைத்தாலும், தப்பிய குண்டு பலகையோடு நின்றுவிடாது.

அதனால்தான் பலகைக்குப் பின்னால் மண் மேடு. அதனால்தான் சிவப்புக் கொடி. அதனால்தான் தோட்டாவை எண்ணிக் கொடுத்து, சுட்ட பிறகு காலிக் கூட்டை எண்ணி வாங்குகிறார்கள். சுட்டும் வெடிக்காத தோட்டாவை உடனே திறக்காதே, கொஞ்ச நேரம் பொறு என்பதும் அதனால்தான். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு.

இந்த விதிகளை யாரும் அறையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதவில்லை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு சாவு இருக்கும்.

"தானாகவே வெடிக்கிற துப்பாக்கியும் உண்டே?" என்று கேட்கலாம். உண்டு. பழைய ஸ்டென் கன் கீழே விழுந்தாலே சுடும் என்று பெயர் எடுத்தது. சுட்டுச் சுட்டுக் குழாய் கொதித்தால், உள்ளே கிடக்கும் தோட்டா விசையை இழுக்காமலே வெடிப்பதும் உண்டு. ஆனால் இதெல்லாம் தெரிந்த விஷயம். தெரிந்தும் அப்படிப்பட்ட ஆயுதத்தைக் கையில் கொடுத்தவர் யார், கொதித்த குழாயைக் கவனிக்காமல் விட்டவர் யார் என்ற கேள்வி அப்போதும் நிற்கும்.

20 வயதுப் பையன்கள்

2022-ம் ஆண்டு அக்டோபரில், ஜான்சி அருகே பபினா திடலில் டி-90 டாங்கியின் பீரங்கிக் குழாய் வெடித்தது. உள்ளே இருந்த 2 பேர் பலி.

2024-ம் ஆண்டு அக்டோபரில், நாசிக் அருகே தேவ்லாலி பீரங்கிப் பயிற்சி மையத்தில் குண்டு வெடித்து 2 அக்னி வீரர்கள் பலி. ஒருவருக்கு வயது 20. இன்னொருவருக்கு 21.

2014-ல் இருந்து சுமார் 400 வெடிபொருள் விபத்துகள், அதில் 27 பேர் பலி என்று ராணுவம் கணக்குக் காட்டியதாக 2020-ல் செய்தி வந்தது. குண்டுகள் தரம் இல்லை என்றது ராணுவம். எல்லாப் பழியையும் எங்கள் தலையில் போடாதே என்றது படைக்கலத் தொழிற்சாலை வாரியம். அந்த வாரியத்தையே 2021-ல் கலைத்து 7 கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள். யார் சொன்னது சரி? செத்தவன் வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வது?

இது நமக்குச் சம்பந்தம் இல்லாத வடநாட்டு விவகாரம் இல்லை. டாங்கி செய்வது நம் ஆவடி. துப்பாக்கி செய்வது நம் திருச்சி. வெடிமருந்து செய்வது நம் அருவங்காடு. பட்டாளத்துக்குப் பையனை அனுப்புவதும் நம் ஊர்தான். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். "ராணுவப்பேட்டை" என்றே அதற்குப் பெயர்.

எதிரி சுட்டுச் செத்தால் ஊரே கூடி மாலை போடுகிறது. பயிற்சியில் செத்தால்? பெற்றவள் வயிறு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் எரியும். அக்னி வீரன் பணியினால் இறந்தால் காப்பீடு 48 லட்சம், கருணைத் தொகை 44 லட்சம் என்று 2022-ல் திட்டம் போட்டார்கள். குறைந்த தொகை இல்லை. ஆனால் நிரந்தரச் சிப்பாயின் குடும்பத்துக்கு உண்டான மாதாந்திரப் பென்ஷன் அந்தத் திட்டத்தில் இல்லை. ஒரே திடல், ஒரே பீரங்கி, ஒரே சாவு. வீட்டுக்கு வருவது மட்டும் வேறு வேறா?

அங்கே என்ன செய்தார்கள்?

பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். வேல்ஸ் பகுதியில் காசில்மார்ட்டின் என்ற திடல். 2012-ம் ஆண்டு மே மாதம் பயிற்சிக்கு நடுவே ஒரு 21 வயதுச் சிப்பாய், "பாதுகாப்பான இடம்" என்று ஒதுக்கிய இடத்தில் இருந்தான். சுமார் ஒரு கிலோ மீட்டர் தூரத்தில் இன்னொரு கோஷ்டி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. குண்டு இவன் நெற்றியில் பாய்ந்தது. ஆள் காலி.

அங்கேயும் "தவறிப் பாய்ந்தது" என்று முடித்து இருக்கலாம். முடிக்கவில்லை. பொதுமக்கள் முன்னிலையில் மரண விசாரணை நடந்தது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டான் என்று தீர்ப்பு வந்தது. விசையை இழுத்த சிப்பாயோடு விஷயம் நிற்கவில்லை. பயிற்சிக்குத் திட்டம் போட்டது யார், மேற்பார்வை பார்த்தது யார் என்று மேலே போனது. 2018-ல் ராணுவ நீதிமன்றம் 3 பேரைக் குற்றவாளிகள் என்றது. ஒருவருக்கு 18 மாதம் ஜெயில்.

6 வருஷம் ஆனது உண்மைதான். அதே திடலில் 2017-ல் டாங்கி வெடித்து 2 பேர் செத்ததும் உண்மைதான். பீரங்கியின் ஒரு முக்கியமான பாகத்தை மாட்டாமலே சுட்டுவிட்டார்கள். அந்தப் பாகம் இல்லாவிட்டாலும் பீரங்கி சுடும் என்பதுதான் கோளாறு. அதுவும் விசாரணையில் வெளியே வந்தது. வெளியே வந்தால்தானே அடுத்தவன் பிழைப்பான்?

நம்மாலும் முடியும்

"ராணுவ ரகசியம், வெளியே சொல்ல முடியாது" என்பார்கள். அப்படியா?

2022-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி நம் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானில் போய் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. விசாரணை நடந்தது. விதிமுறையை மீறியதுதான் காரணம் என்று ஆகஸ்டு மாதமே விமானப்படை அறிவித்தது. 3 அதிகாரிகள் வேலை நீக்கம்!

பக்கத்து நாட்டு மண்ணில் ஏவுகணை விழுந்தால் ஐந்தரை மாதத்தில் காரணம் வெளியே வருகிறது. நம் ஊர்ப் பையன் செத்தால் மட்டும் ஏன் வரக் கூடாது?

நாம் கேட்பது பெரிய காரியம் இல்லை.

ஒன்று: பயிற்சியில் ஒரு உயிர் போனால், விசாரணை முடிவை 6 மாதத்துக்குள் குடும்பத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். தாய்மொழியில் கொடுக்க வேண்டும். ரகசியம் ஏதாவது இருந்தால் அந்த வரியை மட்டும் மறைத்துக் கொள்ளட்டும்.

இரண்டு: ஊருக்குப் பக்கத்தில் உள்ள சுடும் திடல்களை எல்லாம் அளந்து பார்க்க வேண்டும். திடல் போட்ட காலத்தில் பொட்டல் காடு. இன்று வீடு, பள்ளிக்கூடம். மேடு போதாது என்றால் பூட்டு போடுங்கள். ராணுவம் களப்பயிற்சியில் சுடுவதற்கு 1938-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், சேதத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே இவ்வளவு யோசித்து இருக்கிறான். சுடும் நாளைக்கு முதல் நாள் ஊரில் தண்டோரா போட என்ன செலவு ஆகும்?

மூன்று: பயிற்சியில் இறந்த அக்னி வீரன் குடும்பத்துக்கு, நிரந்தரச் சிப்பாய் குடும்பத்துக்குத் தருவது போலப் பென்ஷன் தர வேண்டும்.

பட்டாளத்தைக் குறை சொல்வது நமது நோக்கம் இல்லை. எல்லையில் பனியில் நிற்பவனை நினைத்துத்தான் நாம் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறோம். அவன் எல்லைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, நம் மண்ணில், நம் குண்டுக்குப் பலியாகக் கூடாது என்பதுதான் பேச்சு.

இனி "துப்பாக்கி தவறி வெடித்தது" என்று யாராவது எழுதிக் கொடுத்தால், நாங்கள் திருப்பிக் கேட்போம். நீங்களும் கேளுங்கள்.

தவறியது துப்பாக்கி இல்லை. தவறியது யார்?