துணி நப்பி: மிச்சம் யாருக்கு?

சகோதரிகளே, 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி விழுந்ததிலிருந்து, பிள்ளைக்குப் பம்பஸ் வாங்குவது கூலிவேலைக் குடும்பங்களுக்குப் பெரும் சுமை. ‘துணிக்கு மாறினால் என்ன?’ என்று பலர் கேட்கிறீர்கள்.

எங்கள் அம்மாமார் நூற்சேலைத் துண்டிலேயே எங்களை வளர்த்தார்கள். 2009இல் இதே முள்ளிவாய்க்காலில் அந்தச் சேலைகளும் பதுங்குகுழிக்கு மண்மூட்டையாயின.

கணக்குப் பார்ப்போம். நாளுக்கு 6 என்றால் மாதம் 180 பம்பஸ். இரண்டு பழைய நூற்சேலையில் 20 துண்டு வெட்டலாம். அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

நனைந்தவுடன் மாற்றுங்கள். மலத்தை மலசலகூடத்தில் தட்டிவிட்டு, மூடியுள்ள வாளியில் ஊறவையுங்கள். தவழும் பிள்ளைக்குத் திறந்த வாளி ஆபத்து. சவர்க்காரம் தங்கினால் தோல் சிவக்கும், நன்றாக அலசுங்கள். சவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். வெயிலில் காயவிடுங்கள். தோல் புண்பட்டு மாறாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் இரவுக்கும் பம்பஸ் பாவிப்பதில் குற்றமில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்றுண்டு: தாயின் நேரம். தண்ணீர் அள்ளுவதும் தோய்ப்பதும் பிரசவித்த உடம்பின் தலையில்தான் விழுகிறது. தோட்ட வேலைக்கோ கருவாடு காயவிடவோ போகும் தாய், தோய்ப்பதற்காக அரைநாள் கூலியை இழந்தால் மிச்சம் எங்கே?

துணிக்கு மாறச் சொல்பவரிடம், ‘தண்ணீர் யார் அள்ளுவது?’ என்று கேளுங்கள். தகப்பனும் வாளியைத் தூக்கட்டும். அப்போதுதான் அது வீட்டுக்கு மிச்சம்.