சுலிஸ் தேவியின் சந்நிதி

நம்மை ஆண்ட பிரிட்டனும் ஒரு காலத்தில் அந்நியருக்கு அடிமைப்பட்டிருந்தது. கி.பி. 43-ல் ரோமானியப் படை அங்கே இறங்கியது. சுமார் 410 வரையில் அந்நாட்டின் பெரும்பகுதி ரோமாபுரியின் மாகாணமாக இருந்தது.

பாத் என்னும் ஊரில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. அதன் அதிதேவதை சுலிஸ் என்று சுதேச ஜனங்கள் போற்றி வந்தார்கள். வென்றவர்கள் அத்தேவியைத் துரத்தவில்லை. தங்கள் மினர்வாவும் அவளும் ஒன்றே எனக் கொண்டு, 'சுலிஸ் மினர்வா'வுக்குக் கோயில் எழுப்பினார்கள். பொன்முலாம் பூசிய அவளுடைய வெண்கலச் சிரசு, 1727-ல் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியபோது அகப்பட்டது.

நம் மனத்தை அதைவிடக் கவர்பவை, ஊற்றிலிருந்து கிடைத்த சுமார் 130 ஈயத் தகடுகள். பெரும்பாலானவை 1979-80-ல் வெளிப்பட்டன. படிக்க முடிந்தவற்றுள் மிகப் பல, திருட்டுக் கொடுத்தவர்களின் முறையீடுகள். மேலங்கியைப் பறிகொடுத்த டோசிலியானஸ் என்பவன், எடுத்தவர் ஆணாயினும் பெண்ணாயினும், அடிமையாயினும் அல்லராயினும், உறக்கமின்றித் தவிக்க வேண்டுமென்று சபித்திருக்கிறான். எழுதிய பாஷை லத்தீன். ஆனால் அவன் அழைத்தது சுலிஸை. மினர்வாவின் பெயரை அவன் எடுக்கவே இல்லை!

ஆளுவோர் பாஷையை ஜனங்கள் கற்றுக்கொள்ளலாம். துயரம் வந்தபோது அவர்கள் நாடுவது சொந்தத் தெய்வத்தையே. 1947-ல் தளையறுத்த நமக்கு இது விளங்காததன்று. ரோமர் போயினர், கோயிலும் இடிந்தது; சுலிஸின் ஊற்று இன்றும் சுடச்சுடப் பாய்கிறது.